பத்தாவது ஆள்

வெள்ளை வான் வந்து நின்றபோது நான் ஜேகப்ஸ் ஐயா வீட்டுக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

யன்னலுக்கு வெளியே முதலில் தெரிந்தது ஒரு வேட்டி. அதற்குப் பின்னால் இன்னொரு வேட்டி. பிறகு கறுப்புக் காற்சட்டையோடு கார்த்தி. அவனுக்குப் பின்னால் திரும்பவும் வேட்டிகள். என் கணவர் வேலை செய்கிற ஒடாஹுஹு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிற வான் அது. இருக்கை முன்னால் மட்டும்தான் உண்டு. மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

எல்லோர் நெற்றியிலும் திருநீறு. எல்லோருக்கும் ஒரே முகம். செத்த வீட்டு முகம். எங்கள் யாழ்ப்பாணத்து ஆண்கள் அதை வாகனத்துக் கதவைத் திறக்கும்போதே எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அதுவரை பின்னால் இருந்து கிரிக்கெட்தான் கதைத்திருப்பார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம்.

வாசற்படியில் சப்பாத்துகளையும் செருப்புகளையும் கழற்றினார்கள். படி போதாமல் புல்லிலும் வைத்தார்கள். கடைசியாக இறங்கியவர் என் கணவர். ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, மறு கையில் தமிழ்ச் சங்கத்துத் தேத்தண்ணி வாளி.

"வசந்தி, இப்ப எத்தினை பேர் குறையுது?" என்று வாசலில் நின்று கேட்டார்.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

இவரைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதிவிட்டேன். "உங்கள் கணவர் இதையெல்லாம் வாசிப்பதில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வாசிக்கிறார், அம்மா. தன் பெயர் வருகிற இடங்களை மட்டும். ஆகையால் சொல்லிவிடுகிறேன்: அவர் பெயர் தியாகராஜா. ஊருக்குத் தியாகு அண்ணை.

டெய்ரிக் கண்ணாடியில் ஒரு விளம்பரம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஒக்லாண்டின் லின்ஃபீல்ட் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனபோது கண்ணாடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. தட்டச்சு தெரிந்தவர் தேவை, வாரத்தில் இரண்டு பின்னேரம், பொறுமை அவசியம் என்று எழுதியிருந்தது.

ஊரில் நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தட்டச்சாளர். பொறுமையைப் பொறுத்தவரை, மேலே சொன்னவரோடு குடும்பம் நடத்துகிறேன். இரண்டு தகுதியும் இருந்தது.

விளம்பரம் போட்ட லெஸ்லி ஜேகப்ஸ் நெடிய மனிதர். இரும்புக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சிட்னியில் இருந்த மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருந்தான். அதை அவர் முன்கூடத்தில் வைத்து, துணியால் மூடி, தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்லாண்டின் ஆரம்பகால யூத சபை ஒன்றின் வரலாற்றை எழுதுவது அவர் வேலை. அவர் சபைதான். அவருடைய பாட்டனாரின் தகப்பன் சேர்ந்து தொடங்கிய சபை.

"யூதர்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"மிஷன் பள்ளிக்கூடத்தில் பைபிள் படித்தனான், சேர்."

"நல்லது. அதற்குப் பிறகும் எங்களுக்குச் சில விஷயங்கள் நடந்திருக்கின்றன."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுதான் மிரியம், அவருடைய மனைவி. சின்ன உருவம், பெரிய சிரிப்பு. தேத்தண்ணிக்குள் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பால் இல்லாத தேத்தண்ணி பிடிக்காது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் சொல்லவில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஆள் பிடித்தவர்கள்

ஐயா இரண்டு கைகளையும் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தபடி சொல்வார். நான் தட்டச்சு அடிப்பேன். அப்படித்தான் எனக்கு அந்தப் பழைய மனிதர்கள் பழக்கமானார்கள்.

கப்பலில் வந்திறங்கிய சில வியாபாரிகள். ஒருவர் துணி, ஒருவர் குடை, ஒருவர் வைக்கோல். ஆலயம் கிடையாது. துணிக்கடையின் பின்னறையில், சீட்டித் துணிச் சுருள்களுக்கு நடுவே தொழுதார்கள். ஆனால் ஒரு சிக்கல். அவர்களுடைய முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் சபைத் தொழுகை செல்லும். ஒன்பது பேர் என்றால் அவரவர் தனியாக ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சில ஜெபங்களை வாய் திறந்து சொல்லவே முடியாது.

பெண்களை எண்ணுவதில்லையாம். எங்கள் சங்கக் கூட்டத்தில் எங்களை எண்ணுவார்கள், பேச மட்டும் விடமாட்டார்கள். எது மேல் என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

அந்தக் காலத்து ஒக்லாண்டில் பத்து யூத ஆண்களை ஒரே நேரத்தில் எங்கே பிடிப்பது? ஆகவே கப்பல் வந்தால் ஒருவர் துறைமுகத்துக்கு ஓடுவார். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார், பெயரைக் கேட்பார். யூதர் என்று தெரிந்தால் பெட்டியையும் தூக்கி, ஆளையும் இழுத்துக்கொண்டு துணிக்கடைக்கு வருவார். வந்தவர் பாவம், கடல் மயக்கம் தீராமல் நின்று ஆமென் சொல்வார்.

கப்பல் இல்லாத வாரங்களுக்கு ஒரு நாடோடி வியாபாரி இருந்தார். ஊசி, நூல், பொத்தான் விற்கிறவர். குடித்தால் நிதானம் இல்லாதவர். ஆனால் அவர்தான் பத்தாவது ஆள், அது அவருக்கும் நன்றாகத் தெரியும். வறுத்த கோழி இருந்தால் வருவார். சூப் மட்டும் என்றால் முழங்கால் வலிக்கும்.

"எங்கள் சங்கத்திலும் ஒருவர் இருக்கிறார், சேர்" என்றேன்.

"எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்" என்றார் ஐயா. "அவரைத்தான் யாரும் வரலாற்றில் எழுதுவதில்லை. நீ எழுது."

குடையும் வைக்கோலும்

மூன்றாம் அத்தியாயத்தில் சண்டை வந்தது.

யூதர்கள், தங்கள் புனித பூமியில் மழை வேண்டிய மாதங்களில், ஜெபத்தில் மழை கேட்டு ஒரு வரி சேர்ப்பார்கள். அங்கே மாரிகாலம் என்றால் ஒக்லாண்டில் கோடை. நல்ல வெயில் எறிக்கிற நாளில், துணிக்கடைப் பின்னறையில் வியர்த்து நின்று, மழை தா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் ஒக்லாண்டில் மழை வரும் என்பது இங்கே ஒரு வாரம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஐயாவின் முன்னோரான பழைய ஜேகப்ஸ், "முறையை மாற்றக் கூடாது, கேட்கத்தான் வேண்டும்" என்றார். அவர் விற்றது குடையும் மழைக்கோட்டும்.

பழைய ஹைமன் என்றொருவர், "இங்கே இருந்துகொண்டு இந்த மாதம் மழை கேட்பது பைத்தியக்காரத்தனம்" என்றார். அவர் விற்றது வைக்கோல். கோடையில் மழை பெய்தால் வைக்கோல் அழுகிவிடும்.

நீ உன் குடைக்காக ஜெபிக்கிறாய் என்றார் ஒருவர். நீ உன் வைக்கோலுக்காகப் பேசாமல் நிற்கிறாய் என்றார் மற்றவர். கடைசியில் ஹைமன் தன் ஆட்களோடு வெளியேறினார். போகும்போது ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார்.

இதை அடிக்கும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கு முந்திய ஐப்பசியில்தான் எங்கள் ஆட்கள் லின்ஃபீல்டில் ஒரு கராஜுக்குள் கூடி, தீபாவளி எந்த நாள் என்று சண்டை பிடித்திருந்தார்கள். அமாவாசையை யாழ்ப்பாணத்து நேரத்தில் பார்ப்பதா, இங்கத்தைய நேரத்தில் பார்ப்பதா? தமிழ்நாட்டுக்காரன் கார்த்தி, "ஆமா, ஏழரை மணி நேரத்துக்கா இவ்ளோ சண்டை?" என்று கேட்டு இரண்டு பக்கத்தாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். வடை ஆறியது. இரண்டு பேர் கார் ஏறிப் போனார்கள். முடிவில் பள்ளிக்கூட மண்டபம் எந்தச் சனிக்கிழமை சும்மா கிடந்ததோ அந்தச் சனிக்கிழமையே தீபாவளி வந்தது.

ஹைமன் கோஷ்டி சில காலம் தனியாகத் தொழுதது. அவர்களுக்கும் பத்துப் பேர் சேரவில்லை. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பழைய சபைக்குத் திரும்பினார்கள். திரும்பினாலும் ஆலயத்தில் வலப்பக்கத்து வாங்குப் பலகைகளில்தான் உட்காருவார்கள். ஜேகப்ஸ் குடும்பம் இடப்பக்கம். நான் வேலைக்குப் போன காலத்தில் வலப்பக்கத்தில் மிஞ்சியிருந்தவர் ஒரே ஒருவர், ஆர்தர் ஹைமன். மனைவியை இழந்தவர். ஐயா வீட்டுக்கு நேர் எதிர்வீடு. சனிக்கிழமை ஓய்வு நாளில் வாகனம் ஓட்டக் கூடாது என்பதால் எல்லோரும் அந்தச் சின்ன மர ஆலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் குடியிருந்தார்கள். விரோதியும் நடக்கத்தானே வேண்டும்.

மிரியம் சொன்னது

ஐயா சொல்லி நான் அடித்த வாக்கியத்தில், பழைய ஹைமன் சபையின் நாற்காலியைத் திருடிக்கொண்டு போனார் என்று இருந்தது.

"திருடினார் என்று போடாதே, லெஸ்" என்றார் மிரியம். "எடுத்துக்கொண்டு போனார் என்று போடு. ஆர்தர் மனசு நோவான்."

"சபையின் நாற்காலி. சபையைக் கேட்காமல் எடுத்தான். அதற்குப் பெயர் என்ன?"

"ஆர்தர் வீட்டில் அது அவர்களுடைய சொந்த நாற்காலி என்றுதான் சொல்வார்கள்."

"வரலாறு வரலாறுதான்" என்றார் ஐயா.

மிரியம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிறகு ஒரு தரம், இன்னொரு தரம் கேட்டார். ஐயா அசையவில்லை. அத்தியாயத்தின் பிரதி சபைக்குள் கைமாறியது. ஹைமன் வாசித்தார். அடுத்த ஓய்வு நாள் வலப்பக்கத்து வாங்கு வெறுமையாகக் கிடந்தது. நூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாற்காலிக்காக இரண்டு கிழவர்கள் முகம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நான் அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவரும் சிரித்தார். தன் தாய்மாமனோடு எல்லைவேலிக்காகக் கதை பேச்சில்லாமல் இருக்கிற மனிதர் இவர்.

பிறகு சிரிக்க முடியாமல் போனது. வருடம் பிறந்து சில நாட்களில், தோட்டத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற மிரியம் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி வந்தபோது நான் சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இந்த ஊரில் என் முகத்தைப் பார்த்துத் தேத்தண்ணிக்குப் பால் விட்ட ஒரே ஆள் அவர்.

ஒன்பது பேர்

அடக்கம் முடிந்த பிறகு ஏழு நாள் துக்கம். அந்த வீட்டைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகவே இல்லை. கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். ஐயா துக்க முறைப்படி கிழித்த கோட்டுடன், உயரம் குறைந்த பதிவான கதிரை ஒன்றில் இருந்தார். காலில் துணிச் செருப்பு. கதவைப் பூட்டவில்லை. வருகிறவரை வாருங்கள் என்று சொல்வதில்லை, போகிறவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அயலவர்கள்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர்ச் செத்த வீட்டில் பறை மேளத்தை மட்டும் நிறுத்தியது போல இருந்தது.

ஒவ்வொரு மாலையும் வீட்டிலேயே தொழுகை. அதில் இறந்தவருக்காகச் சொல்லும் காதிஷ் என்றொரு ஜெபம் உண்டு. அந்த ஜெபத்துக்குள் சாவு என்ற சொல்லே வராது என்று முன்பு ஐயா சொல்லியிருக்கிறார். கடவுளைப் புகழ்வது மட்டும்தான். ஆனால் அதைச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும்.

ஜனவரி மாதத்து ஒக்லாண்டில் பத்துப் பேரை எங்கே பிடிப்பது? ஊரே கூடாரத்தையும் தூண்டிலையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தது. நகரத்துப் பெரிய சபையில் கேட்டார்கள். அங்கேயும் ஆள் இல்லை, தேடிப்பிடித்து இரண்டு பேரை அனுப்பினார்கள். சிட்னியில் இருந்து வந்த மகன், ஐயா, சபையின் முதியவர்கள், ஒரு பல் டொக்டர். எல்லாம் சேர்த்து ஒன்பது.

ஆட்களை அவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஆகாதாம். பத்துச் சொற்கள் கொண்ட வேத வரி ஒன்றை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். முதல் மாலை பல் டொக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

பத்தாவது ஆள் எங்கே இருக்கிறார் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யன்னலால் பார்த்தால் அவர் வீட்டு ரோசாச் செடிகள் தெரியும். அடக்கத்தன்று மயானத்து வாசல் கேற்றடியில் தூரமாக நின்றவர், மண் போட்ட பிறகு யாரோடும் பேசாமல் போய்விட்டார். பல் டொக்டர் தெருவைக் கடந்துபோய்க் கேட்டார்.

"திருடனின் பேரன் வந்து என்ன செய்வது? முதலில் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லுங்கள்" என்றாராம் ஹைமன்.

ஐயாவிடம் சொன்னார்கள்.

"மிரியம் மூன்று தரம் கேட்டாள். அவளுக்காக எடுக்காததை அவனுக்காக எடுக்கச் சொல்கிறீர்களா?"

பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் முகத்தைப் பார்க்கும் வரை. அவருக்கு அந்தச் சொல் இப்போது வேண்டியதாகவே இல்லை. மிரியம் இருக்கும்போது விட்டுக்கொடுக்காமல், போன பிறகு விட்டுக்கொடுக்க வெட்கமாக இருந்தது. ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்து மூடினார். இரண்டாம் மாலையும் அப்படியே மூடினார். மனைவிக்காகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் அந்த நெடிய மனிதர் பதிவான கதிரையில் கூனிப்போய் இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தொழிற்சாலைக்கு லீவு விட்டிருந்த நாட்கள். வீட்டில் இவரும் சங்கத்து ஆட்களும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"பத்து ஆம்பிளையள் வேணுமாம். ஒரு ஆள் குறையுதாம். பாவம் மனுசன். அதுவும் அவையின்ர ஆக்களாத்தான்..."

என் வாக்கியம் அங்கே முடியவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தின் பின்பாதியை இவர் கேட்டதை நான் கல்யாணமான நாளில் இருந்து கண்டதில்லை. சீட்டை வைத்துவிட்டு டெலிபோனை எடுத்துவிட்டார்.

செத்த வீடு என்றால் இவருக்கு அப்படி. கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால் இடது கையால் வாங்குவார். இழவுச் செய்தி வந்தால் மற்ற வேலை எல்லாம் நின்றுவிடும். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவன் என்ன சாட்டுச் சொன்னான் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். அகதியாக வந்த ஊரில் எங்களுக்குச் சாவென்று வந்தால் யார் வருவார்கள் என்ற பயம் உள்ளே இருந்திருக்க வேண்டும். இவர் அதைச் சொன்னதில்லை.

வான் நின்ற இடம்

ஆக, மூன்றாம் மாலை.

கூடத்தில் நிற்க இடமில்லை. ஒரு பெட்டி நிறையத் தொழுகைக்கான வட்டத் தொப்பிகள் இருந்தன. மகன் ஆளுக்கொன்று கொடுத்தான். வேட்டி, திருநீறு, அதற்கு மேல் வட்டத் தொப்பி. கார்த்தி ஒரு கண்ணாடியைத் தேடி, அது மூடியிருக்கிறது என்று கண்டு, என்னிடம் வந்தான்.

"அக்கா, சரியா வச்சிருக்கேனா?"

"வாயை மூடு."

இவர் விரலை நீட்டி, "ஒண்டு, ரெண்டு..." என்று உரக்கத் தொடங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன்.

பல் டொக்டர்தான் வந்தார். நல்ல மனிதர், பல் பிடுங்கும் முன் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். நீங்கள் வந்தது மிகப் பெரிய விஷயம். ஆனால், மன்னிக்க வேண்டும், உங்களை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

இவருடைய முகம் விழுந்துவிட்டது. வெளியே போய் வானை எடுக்கப்போகிறேன் என்றார். நான் பின்னாலேயே போனேன், திட்டுவதற்கு. திட்டத் தொடங்கும் முன்பே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வானை நிறுத்தியிருந்தது ஆர்தர் ஹைமனின் வாசலுக்குக் குறுக்கே.

"இது யாருடைய வான்?"

"என்ரதான், சேர். சொறி. இப்ப எடுக்கிறன்." ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அவருடைய ஆங்கிலம் இப்படித்தான் ஒலிக்கும்.

"அங்கே என்ன நடக்கிறது?"

"மேடம் செத்துப்போனா. பத்துப் பேர் வேணும். ஒரு ஆள் குறையுது. அதுதான் வந்தனாங்கள்."

ஹைமன் வேட்டியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், திருநீற்றைப் பார்த்தார்.

"நீங்கள் யூதர்களா?"

"இல்லை. லின்ஃபீல்ட்."

"ஜேகப்ஸை உங்களுக்குத் தெரியுமா?"

"பெரிசாத் தெரியாது. என்ர மனிசி அவருக்கு டைப் அடிக்கிறவ."

"மிரியமை?"

"ஒரு நாள் மனிசியைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். காருக்குள்ள இருந்தனான். உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தவ."

ஹைமன் மிச்சத்துக்குக் காத்திருந்தார். மிச்சம் இல்லை.

"அவ்வளவுதானா?"

"ஓம். தேத்தண்ணி தந்தவ" என்றார் இவர், அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது போல.

ஹைமன் ஐயாவின் வாசலைப் பார்த்தார். நாற்பது வருடமாக எதிர்வீட்டில் இருந்தவர். எத்தனை கோப்பை குடித்திருப்பார் என்று நான் நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருப்பார். இவர் வான் சாவியை எடுத்தார்.

"வேண்டாம். நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹைமன் தெருவைக் கடந்தார்.

வாசலில் கிடந்த சப்பாத்துக் குவியலைப் பார்த்துத் தயங்கினார். "சேர், நீங்கள் கழற்றத் தேவையில்லை. இது எங்கட ஆக்களின்ர பழக்கம்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு வாங்க வாங்க இரண்டு கயிற்றையும் அவிழ்த்தார். சப்பாத்துகளைச் சேர்த்து, கார்த்தியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் மேஸ் போட்ட காலோடு உள்ளே போனார்.

எங்கள் ஆட்கள் வழி விட்டார்கள். ஹைமன் இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. வீட்டுக் கூடத்தில் ஏது பக்கம்? கிடைத்த இடத்தில் நின்றார். பல் டொக்டர் வேத வரியைத் தொடங்கி, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிச் சொல்லை ஹைமனைப் பார்த்துச் சொன்னார்.

தொழுகை நடந்தது. காதிஷ் சொல்லும் இடம் வந்தது. ஐயா எழுந்து நின்றார். புத்தகத்தைத் திறந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மகன் தோளைப் பிடித்தான். அப்போதும் வரவில்லை.

கூடத்தின் மறுபக்கத்தில் இருந்து ஒரு குரல் முதல் இரண்டு சொற்களைச் சொன்னது. ஹைமன். புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, உரக்க. ஐயா அந்த இரண்டு சொற்களைத் திருப்பிச் சொன்னார். அடுத்த இரண்டை ஹைமன் எடுத்துக் கொடுத்தார். ஐயா சொன்னார். அப்படியே பாதிவரை இரண்டு பேரும் போனார்கள், அதற்குப் பிறகு ஐயா தனியாகச் சொன்னார். மற்றவர்கள் ஆமென் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் எங்கள் ஆட்களும் சொன்னார்கள். மிஷன் பள்ளிக்கூடம் வீண் போகவில்லை. நான் குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அந்த அத்தியாயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருடினார் என்ற சொல்லை ஐயா எடுக்கவில்லை. அந்தப் பக்கத்துக்குக் கீழே ஆர்தர் ஹைமன் சொன்ன மறுப்பையும் போட்டார், அவர் மூன்று பக்கத்துக்குச் சொன்னார். அதையும் நான்தான் அடித்தேன். இரண்டு பேரும் என் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டு, அவன் அப்படிச் சொன்னான் என்று போடு, இல்லை இப்படிச் சொன்னான் என்று போடு என்று உயிரை வாங்கினார்கள். டெய்ரிக் கண்ணாடியில் பொறுமை அவசியம் என்று எழுதியிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் முழுதாக விளங்கியது.

அன்று மாலை திரும்பும்போது நான் வானின் முன்னிருக்கையில் இருந்தேன். பின்னால் யாரும் கிரிக்கெட் கதைக்கவில்லை. போனதும் எல்லோரும் தலைமுழுக வேண்டும், சுடுதண்ணி போதுமோ என்று மட்டும் யாரோ கேட்டார்கள். எட்டு மணியாகியும் வெயில் இருந்தது. இவர் ஓட்டினார்.

"வசந்தி."

"ம்."

"அந்தப் பல்லு டொக்டர் சொன்னது உண்மையோ? நாங்கள் எத்தினை பேர் போனாலும் எண்ண மாட்டினமோ?"

"ஓம். எண்ண மாட்டினம்."

"ஒருத்தரையுமோ?"

"ஒருத்தரையும்தான். இனி அந்த எதிர்வீட்டு மனுசனும் வரும். அவைக்கு ஆள் போதும்."

சந்தியில் சிவப்பு விளக்கு. வானை நிறுத்தினார். விளக்கு மாறியதும் கியரைப் போட்டார்.

"அப்ப நாளைக்கு எத்தினை மணிக்கு?" என்றார்.